மலைப்பாதை செக்போஸ்ட்டுல சைக்கிள்காரனை சீக்கிரமே தடுத்து நிறுத்துங்க: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

நீலகிரி, கோயமுத்தூர், ஈரோடு, திண்டுக்கல்னு நம்ம மலைப்பக்கம் காட்டு ரோட்டுக்கு நேரம் குறிக்கிற வனத்துறை அதிகாரிகள், அந்த ரோட்டைப் போட்டுப் பராமரிக்கிற நெடுஞ்சாலைத்துறை ஆளுங்க, ரெண்டு பேருக்கும் மேல உக்காந்து உத்தரவு போடுற மாவட்ட நிர்வாகம், எல்லாருக்கும் சேத்துத்தான் எழுதறேன். நான் கோயமுத்தூர்க்காரன், லீவு கிடைச்சா சைக்கிள்ல பின்னாடி ரெண்டு பையை மாட்டிக்கிட்டு மலை ஏறுற ஆளு. எங்களை மாதிரி ஆளுங்க உங்களுக்கு மனு போட்டா "எங்களுக்கு மட்டும் கேட்டைத் திறந்து விடுங்க"ன்னுதான் வழக்கமா இருக்கும். நான் கேக்கறது நேர் எதிர். சைக்கிளுக்குன்னு தனியா ஒரு நேரம் எழுதி வைங்க, அது கார் நேரத்தை விட நல்லாவே முன்னாடி முடியட்டும். அவ்ளோதான் மெயின் விஷயம், ஏன்னு விவரமா சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

இப்ப நம்ம மலைப்பாதை செக்போஸ்ட் நிறைய இடத்துல காலைல ஆறு மணிக்குத் திறந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மூடற கணக்கு. இந்தக் கணக்கு இஞ்சின் வச்ச வண்டிக்குப் போட்டது. கார்ல வர்றவன் அஞ்சரைக்கு உள்ள போனாலும் இருபது கிலோமீட்டர் ஏத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறி ஊர் வெளிச்சத்தைப் பாத்துருவான். சைக்கிள்காரனுக்கு அப்படி இல்லீங்க. பையோட ஏறினா மணிக்கு ஏழு கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர், கால் நல்லா இருந்தா ஒன்பது. அதே இருபது கிலோமீட்டருக்கு ரெண்டரை மூணு மணி நேரம் சுத்தமா பெடல் போடணும், நடுவுல தண்ணி குடிக்க நிக்கிறது, பஞ்சர், மழைக்கு ஒதுங்கறது இதெல்லாம் சேக்காம. ஆக நாலு மணிக்கு ஒருத்தனை உள்ள விட்டா, உங்க ரூல் புக் படி அவன் எந்தத் தப்பும் பண்ணல, கேட் மூட இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, ஆனா இருட்டும்போது அவன் நடுக்காட்டுல இருப்பான். மலையில இருட்டு கடிகாரம் பாத்து வர்றதும் இல்ல, மேக்கால மலை மறைச்ச பள்ளத்துல அஞ்சு மணிக்கே வெளிச்சம் போயிரும், மார்கழியில மூணு மணிக்கே பனி இறங்கி முன்னாடி பத்தடி தெரியாது.

மஞ்சூர் ரோட்டை எடுத்துக்கோங்க. காரமடையில இருந்து வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை, அப்புறம் மஞ்சூர். 43 கொண்டை ஊசி வளைவு. எங்க ஆளுங்ககிட்ட கேட்டா ஊட்டிக்கு இருக்குற வழியிலேயே இதுதான் சொர்க்கம்னு சொல்லுவாங்க, குன்னூர் ரோடு மாதிரி பஸ்ஸும் டூரிஸ்ட் வேனும் மேல வந்து விழாது, பாதி நேரம் நம்ம செயின் சத்தம் மட்டும்தான். இந்த ரோட்டுல ஏறும்போது நீங்க எதுக்கு எதிர்ல போறீங்கன்னு தெரிஞ்சா இன்னும் நல்லா இருக்கும். மேல் பவானி தண்ணி அவலாஞ்சிக்கு வருது, அவலாஞ்சியும் எமரால்டும் ஒட்டுன ஏரிங்க, அங்க இருந்து சுரங்கத்துல இறங்கி குந்தா பாலத்துல ஒரு பவர்ஹவுஸ், அதே தண்ணி திரும்ப இறங்கி கெத்தையில ஒண்ணு, பரளியில ஒண்ணு, கடைசியா பில்லூர்ல ஒண்ணு. ஒரே தண்ணியை மலையில படிப்படியா இறக்கி ஒவ்வொரு படியிலயும் கரண்ட் எடுக்கறாங்க. 1950கள்ல, காமன்வெல்த் நாடுங்க ஒண்ணுக்கொண்ணு உதவ போட்ட கொழும்புத் திட்டத்துல, கனடா உதவியோட ஆரம்பிச்ச வேலை இது. பில்லூர்ல இருந்துதான் கோயமுத்தூருக்குக் குடிதண்ணியும் வருது. எங்க வீட்டுக் குழாய்ல பாட்டில் ரொப்பிக்கிட்டு கிளம்பி, அந்தத் தண்ணி வந்த வழியிலயே மேல மேல ஏறி எமரால்டு ஏரிக்கரையில போய் சைக்கிளை சாய்ச்சு வைக்கிறதுல ஒரு சந்தோஷம் இருக்குங்க, அது கார்ல போனா கிடைக்காது, ஏன்னா கார்ல அந்த இறக்கம் எவ்ளோன்னு உடம்புக்குத் தெரியாது. கெத்தை பவர்ஹவுஸுக்கு செங்குத்தா இறங்குற அந்தப் பெரிய இரும்பு பைப்பைக் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு, அந்த உயரத்தைத்தான் நாம இப்ப வளைஞ்சு வளைஞ்சு ஏறப்போறோம்னு நினைக்கும்போது தொடை ரெண்டும் கூப்பாடு போடும்.

ஆனா அதே ரோடு பக்கா யானைக்காடு. பில்லூர் தண்ணிக்கு யானைக் கூட்டம் இறங்குற நேரமும், லேட்டாக் கிளம்பின சைக்கிள்காரன் மூச்சு வாங்கிக்கிட்டு மேல ஏறுற நேரமும் ஒண்ணா வருது. இதுல ஒரு விஷயத்தை ரூல் போடுறவங்க யோசிச்ச மாதிரி தெரியல. கார் வர்றது யானைக்கு ரொம்ப தூரத்துலயே கேட்டுரும், அது ஒதுங்கறதா நிக்கிறதான்னு முடிவு பண்ண நேரம் இருக்கு. சைக்கிள் சத்தமே போடாது. வளைவு திரும்பினதும் பதினஞ்சு மீட்டர்ல நாம நிக்கிறோம், யானைக்கும் அதிர்ச்சி, நமக்கும் அதிர்ச்சி, குட்டி கூட இருந்துச்சுன்னா அவ்ளோதான். ஏத்தத்துல நம்மால திருப்பி வேகமாப் போகவும் முடியாது, கண்ணாடி ஏத்திக்கிட்டு உக்காரவும் முடியாது. பகல்ல போனா பிழைக்க வழி இருக்குங்க: ரோட்டுல கிடக்குற சாணியில ஆவி பறக்குதா, ஒடிச்சுப் போட்ட மூங்கில் இன்னும் பச்சையா ஈரமா இருக்கா, செடி மறைவுல காது விசிறுற மாதிரி தப்புத் தப்புன்னு சத்தம் வருதான்னு பாத்து, கேட்டு, நின்னு, எதிர்ல வர்ற பஸ் டிரைவர்கிட்ட "அண்ணா, கீழ எதாச்சும் நிக்குதா"ன்னு விசாரிச்சுப் போவோம். எதிர்ல வர்றவங்களும் கையை மூக்குகிட்ட வச்சு தும்பிக்கை மாதிரி ஆட்டிக் காட்டுவாங்க, மலைரோட்டுல எல்லாருக்கும் புரியற பாஷை. இருட்டுனப்புறம் இதுல ஒண்ணும் நடக்காது. நாங்க மாட்டியிருக்குற லைட்டு குழியைப் பாக்கத்தான் போதும், காட்டு ஓரத்தைப் பாக்க இல்ல.

இப்ப செக்போஸ்ட்டுல என்ன நடக்குதுன்னு சொல்றேன், எந்த இடம்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா அங்க டியூட்டி பாக்குறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்க கையில எழுதின உத்தரவு இல்லாததுதான் பிரச்சினை. ஒரு இடத்துல காலைல ஏழு மணிக்கு, அதாவது போக வேண்டிய சரியான நேரத்துல, "டூவீலர் அலவ் இல்ல"ன்னு திருப்பி விட்டாங்க, சார் இது சைக்கிளுங்கன்னா, ரெண்டு சக்கரம் இருக்குல்லங்கறார். சரி, அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ரெண்டு சக்கரம் இருக்கத்தான் செய்யுது. இன்னொரு இடத்துல சாயங்காலம் நாலரைக்கு "தம்பி சீக்கிரம் போயிருங்க"ன்னு சிரிச்ச முகத்தோட கம்பத்தைத் தூக்கி விடறாங்க, என் கூட வந்தவனுக்கு ஒரே குஷி, நான்தான் வேண்டாம்னு பிடிச்சு நிறுத்தி அங்கயே ரூம் தேட வச்சேன், அதுக்கு அவன் ஒரு வாரம் என்கிட்ட சரியாப் பேசல. ஆக ஆபத்து இல்லாத நேரத்துல தடுக்கறாங்க, ஆபத்தான நேரத்துல விடறாங்க. அன்னிக்கு டியூட்டியில யாரு, அவங்களுக்கு மனசு எப்படி, அதைப் பொறுத்துத்தான் எங்க பிளானே. நாளைக்கு எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல சஸ்பெண்ட் ஆகப்போறது அந்த வாட்சரும் ஃபாரஸ்ட் கார்டும்தான், உத்தரவை எழுதாம விட்டவங்க இல்ல.

இ-பாஸ் கதையும் இதே மாதிரிதான். சென்னை ஹைகோர்ட் சொல்லி 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துச்சு, 2025 சீசன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000னு உச்சவரம்பும் போட்டாங்க. எனக்கு அதுல முழு சம்மதம், அந்த மலை தாங்காது, சீசன்ல ஊட்டி டவுனுக்குள்ள ஒரு மணி நேரம் புகை குடிச்சவங்களுக்குத் தெரியும். ஆனா பாருங்க, பாஸ் எடுக்க வண்டி நம்பர் வேணும். சைக்கிளுக்கு ஏதுங்க நம்பர் பிளேட்டு? மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமே கிடையாது. வண்டி நம்பர் போட இடமில்லாதவனுக்கு பாஸும் இல்ல, பாஸ் வேண்டாம்னு எழுத்துல ஒரு வரியும் கையில இல்ல, அதனால ஒவ்வொரு தடவையும் செக்போஸ்ட்டுல நின்னு பேசி, அவங்க மேலிடத்துக்கு போன் போட்டு, அந்த மேலிடத்துக்கும் தெரியாம, கடைசியில "சரி போங்க". இந்தப் பேச்சுவார்த்தையில அரை மணி நேரம் போயிரும், மலை ஏறுறவனுக்குக் காலைல அரை மணி நேரம்ங்கறது வெயில் ஏறதுக்கு முன்னாடி நாலு கிலோமீட்டர்.

அதே மாதிரி கல்லட்டி. 36 வளைவு, மசினகுடியில இருந்து மேல ஏறலாம், ஊட்டியில இருந்து வெளியூர் வண்டி கீழ இறங்கக் கூடாது, அவ்ளோ ஆக்ஸிடென்ட் நடந்த ரோடு. நியாயமான ரூல். சைக்கிளுக்கு? எங்கயும் எழுதி இல்ல. என்னைக் கேட்டா சைக்கிளும் இறங்கவே கூடாதுன்னு எழுதுங்க. அந்தச் சரிவுல பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வந்தா ரிம் கொதிச்சு டியூப் வெடிச்சுரும், டிஸ்க் பிரேக்கா இருந்தாலும் பாதி வழியில நின்னு ஆறவிடணும். ஏறுறது வேற. அது நம்ம பக்கத்துல சைக்கிள் ஓட்டுறவன் ஒரு தடவையாவது ஏறிப் பாக்கணும்னு நினைக்கிற ஏத்தம், 2008ல ஆரம்பிச்ச டூர் ஆஃப் நீல்கிரீஸ் சைக்கிள் பயணத்துக்கே பேர் வாங்கிக் கொடுத்ததுல பாதிப் பங்கு கல்லட்டிக்குத்தான். அதனால ஏற விடுங்க, காலைல மட்டும் விடுங்க, இறங்க விடாதீங்க.

எங்க ஆளுங்க சில பேர் இதைப் படிச்சுட்டு என் மேல பாய்வாங்கன்னு தெரியும். சைக்கிள் புகை விடாது, ஹாரன் அடிக்காது, அதனால ராத்திரித் தடையில இருந்து எங்களுக்கு விலக்கு கொடுங்கன்னு கேக்கற கூட்டம் ஒண்ணு இருக்கு. பந்திப்பூர் ரோட்டுல 2009ல இருந்து ராத்திரி ஒன்பதுல இருந்து காலைல ஆறு வரைக்கும் தடை, பண்ணாரி திம்பம் பக்கம் 27 வளைவு இருக்குற ரோட்டுல 2022 பிப்ரவரியில இருந்து ஹைகோர்ட் உத்தரவுல ராத்திரித் தடை. இதெல்லாம் ரோட்டுல அடிபட்டுச் செத்த மிருகங்களுக்காக வந்த தடை, காடு ராத்திரியில மிருகத்துக்கு. அதுல சைக்கிளுக்கு ஓட்டை போடச் சொல்லி யாராவது மனு கொண்டு வந்தா தயவுசெஞ்சு ஏத்துக்காதீங்க. நைட் ரைடு, தலையில டார்ச்சு, ஹேண்டில்பார்ல ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு, மேல டிரோன், இதெல்லாம் காட்டுக்குள்ள எதுக்குங்க? கோயமுத்தூர் ஊருக்குள்ள ரேஸ்கோர்ஸ் ரோட்டை ராத்திரி பூரா சுத்தட்டும், யாரு வேண்டாம்னா.

சரி, லேட்டா வந்தவனை நிறுத்திட்டா அவன் எங்க போவான்னு கேப்பீங்க. இதுக்கு மலைரோட்டுலயே விடை ஓடிக்கிட்டு இருக்கு. ஊட்டி, கோத்தகிரி, எமரால்டு பக்கத்துல இருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குற பிக்கப் வண்டிங்க, சரக்கை இறக்கிட்டுக் காலியாத்தான் திரும்ப மேல வருது. சைக்கிளைத் தூக்கி பின்னாடி சாக்கு மேல படுக்கப் போட்டா முடிஞ்சுது. நாங்க அவசரத்துக்கு இப்படித்தான் போவோம், டிரைவருங்க பாதிப் பேரு காசே வாங்க மாட்டாங்க, டீ மட்டும் வாங்கிக் குடுத்தா போதும்பாங்க, கதை பேச ஆள் கிடைச்ச சந்தோஷம். செக்போஸ்ட்டுல நிக்கிறவங்க "சைக்கிள் போகக் கூடாது, அந்தா வர்ற பிக்கப்புல ஏறிக்கோ"ன்னு சொல்றதுக்கு உத்தரவுல இடம் குடுங்க. கவர்மென்ட் பஸ்ல சைக்கிளை ஏத்த லக்கேஜ் டிக்கெட் போட்டுக் குடுத்தாலும் சரி, இப்போதைக்கு அது கண்டக்டர் மனசைப் பொறுத்தது. மஞ்சூர், எமரால்டு மாதிரி ஊருக்குப் போற கடைசி பஸ்ஸுக்கு மட்டும் இதை ஒரு வழக்கமா ஆக்கிட்டா பெரிய உபகாரம்.

நெடுஞ்சாலைத்துறைக்கு ரெண்டு மூணு வரி, சுருக்கமா. கொண்டை ஊசி வளைவோட உள்பக்கம் லாரி டயர் அரைச்சு அரைச்சு காங்கிரீட்டு பேந்து, ஜல்லி மேல வந்து கிடக்கும், அங்கதான் சரிவும் ஜாஸ்தி. கார்காரனுக்கு அது ஒரு குலுக்கல், எங்களுக்கு முன்சக்கரம் வழுக்கி நடுரோட்டுல விழற இடம். அதனாலதான் நாங்க வளைவுல வெளிப்பக்கமா அகலமா ஏறுறோம், திமிர்ல இல்லீங்க, பின்னாடி ஹாரன் அடிக்கிறவங்க இதைப் புரிஞ்சுக்கணும். தண்ணி போற கால்வாய் மேல போடுற இரும்புக் கம்பி மூடியை ரோடு போற திசையிலயே கம்பி நீளமா வர்ற மாதிரி போட்டிருக்கற இடங்கள்ல சைக்கிள் டயர் நேரா உள்ள இறங்கிரும், குறுக்கால திருப்பிப் போட்டா வேலை முடிஞ்சுது, செலவும் இல்ல. அப்புறம் மத்திய அரசு போட்ட 2017 டிரைவிங் ரெகுலேஷன்லயே இருக்கு, அகலம் பத்தாத மலைரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழின்னு. இதை ஒவ்வொரு மலையடிவாரத்துலயும், முக்கியமா இறங்க ஆரம்பிக்கிற உச்சியிலயும், பெரிய எழுத்துல எழுதி வைங்க. இப்ப அங்க எழுதியிருக்கறது பூரா "வேகம் விவேகமல்ல"தான், அதை நாங்க பஸ் பின்னாடியே படிச்சுக்கறோம்.

தண்ணியும் ஒரு பிரச்சினை. நீலகிரியில பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை போட்டு வாட்டர் ஏடிஎம் வச்சது அருமையான வேலை, நாங்க எப்பவும் சொந்த பாட்டில்தான், எங்களுக்கு அது சிரமமே இல்ல. ஆனா அந்த ஏடிஎம் பூரா கார் நிக்கிற மெயின் ரோட்டுல. மூணு மணி நேரம் ஏறுற காட்டு ரோட்டுல ஒண்ணும் இல்ல. செக்போஸ்ட்டுலயே ஒரு குழாய் வச்சுருங்க, போதும். பாட்டில் ரொப்ப நிக்கிற அந்த நேரத்துல நோட்டுல பேரு, போன் நம்பர், உள்ள போற டைம் எழுதி வாங்கிக்கலாம், மேல இருக்குற செக்போஸ்ட்டுக்கு "ரெண்டு சைக்கிள் வருது, நீலச் சட்டை ஒண்ணு"ன்னு ஒரு போன் போட்டுறலாம், வர வேண்டிய நேரத்துக்குள்ள வந்து சேரலைன்னா வர்ற ஜீப்பை ஒரு கண்ணு பாக்கச் சொல்லலாம். ஒரு நல்ல மனுஷன் ஒரு செக்போஸ்ட்டுல எனக்கு இதைத் தானாவே பண்ணாரு. மேல போய்ச் சேர்ந்ததும் அங்க இருந்தவர் "வந்துட்டீங்களா, கீழ இருந்து மூணு தடவை கேட்டுட்டாரு"ன்னார். எந்த உத்தரவும் இல்லாம அவரு பண்ணினதைத்தான் உத்தரவாப் போடச் சொல்றேன்.

எங்க பக்கத்துல இருந்து என்ன செய்வோம்னா, விடியக்காலைல கிளம்பி கேட் திறக்கும்போதே முதல் ஆளா நிப்போம், தனியா வராம குறைஞ்சது ரெண்டு பேரா வருவோம், காட்டுக்குள்ள நின்னு சாப்பிட்டுக் குப்பை போட மாட்டோம், பாட்டு போட மாட்டோம், வளைவுல பெல் அடிச்சுக்கிட்டே ஏறுவோம். யானை நின்னா ரெண்டு மணி நேரம் ஆனாலும் நிப்போம், திரும்பி இறங்கச் சொன்னா இறங்குவோம், வாக்குவாதம் பண்ண மாட்டோம்.

போர்டுல என்ன எழுதறதுன்னு யோசிக்கவே வேண்டாம், இதோ: "சைக்கிள்: காலை 6 மணி முதல் 11 மணி வரை மட்டும் அனுமதி. இ-பாஸ் தேவையில்லை. பெயர், போன் நம்பர் பதிவு செய்யவும். 11 மணிக்கு மேல் வண்டியில் ஏற்றிச் செல்லவும்." ரோடு நீளமா இருந்தா பதினொண்ணை பத்தாக்கிக்கோங்க, சின்ன ஏத்தம்னா பன்னெண்டு கூட இருக்கட்டும், அது அந்தந்த ரேஞ்சர் முடிவு பண்ணட்டும், அவங்களுக்குத்தான் காடு தெரியும். பெயின்ட் செலவும் ஆள் கூலியும் எங்க ஊர் சைக்கிள்காரங்களே போட்டுக்கறோம், சுவத்தை மட்டும் காட்டுங்க. சீசன் கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மஞ்சூர் ரோட்டுல முதல்ல எழுதிருங்க, அடுத்து கல்லட்டி.

இப்படிக்கு,
கோயமுத்தூர்ல இருந்து ஒரு சைக்கிள்காரன்